ஆமென் சொல்வதற்குள்

அத்தியாயம் நான்கு

திருட்டு நடந்தபோது அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அதாவது, எட்டுப் பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"போன வருஷம் ஆத்துல ஒரு பொணம் கிடைச்சுதே பாஸ், அதுகூட இவங்களைவிட நல்லாத் துப்பு கொடுத்துச்சு" என்றாள் பான்ஸி.

துப்பறிவாளன் ராட்ரே கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பான்ஸியின் டாக்சியில் முன்சீட்டில் உட்கார்ந்தால் அவன் எப்போதும் பேச மாட்டான். அவள் ஓட்டும் வேகத்துக்குப் பல்லைக் கடித்துக்கொள்வதே சரியாக இருக்கும். மழை விட்டிருந்தது. மலைச்சாலையில் இருந்த பள்ளங்களுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி, எது பள்ளம் எது சாலை என்று தெரியவில்லை. பான்ஸி தெரிந்துகொள்ள விரும்பியதாகவும் தெரியவில்லை.

வழக்கு இவ்வளவுதான். மவுண்ட் கேலப் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழு போன வியாழக்கிழமை கூடியது. பள்ளி மைதானத்தை ஒரு ஹோட்டல்காரனுக்குக் குத்தகைக்கு விடும் பத்திரத்தில் முத்திரை வைக்க வேண்டும், அன்றைய வேலை அது ஒன்றுதான். கைப்பிடியை அழுத்தினால் தாளில் புடைத்து விழும் இரும்பு முத்திரை, ஒரு முற்றிய தேங்காயின் கனம் இருக்கும், மேசை நடுவே இருந்தது. குழுவின் தலைவர் பாஸ்டர் பிண்ணக் வழக்கம்போல ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கினார். ஜெபம் தொடங்கும்போது முத்திரை இருந்தது. ஆமென் சொல்லும்போது இல்லை.

எல்லோரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். யாரும் யாருடைய பையையும் திறந்து பார்க்கவில்லை. சபை மக்கள் ஒருவர் பையை ஒருவர் சோதிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, முத்திரை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று இன்னொரு ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

முத்திரை விழாத பத்திரம் வெறும் காகிதம். புது முத்திரை செய்ய கிங்ஸ்டனில் சபைத் தலைமையகம் சம்மதிக்க வேண்டும், அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். அதற்குள் ஹோட்டல்காரன் வேறு ஊரைப் பார்த்துப் போய்விடுவான். அதனால் தலைமையகத்துக்கு உடனே ஒரு திருடன் தேவைப்பட்டான். முத்திரையைப் பூட்டி வைத்திருப்பது தலைமை ஆசிரியை வெரோனா டல்லாக். குத்தகை வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆளும் அவர்தான். இன்று பிற்பகல் சிறப்புக் கூட்டம் போட்டு அவரை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். திருடி என்று எழுதி அனுப்பிவிட்டால் ஜமைக்காவில் எந்தப் பள்ளிக்கூடமும் அவரை வாசலுக்குள் விடாது.

"நான் எடுக்கலை மிஸ்டர் ராட்ரே" என்று அவர் நேற்று ராட்ரேயிடம் வழக்கை ஒப்படைத்தபோது சொல்லியிருந்தார். "எடுக்கிறதா இருந்தா, எடுக்கப் போறேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் எடுத்திருப்பேன்."

ராட்ரே அதை நம்பினான். அவருடைய குரலைக் கேட்டதும் அவனே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

*

குழுவில் ஆசிரியர்களின் பிரதிநிதியான காஸெட், வழக்குக்குக் காரணமான அதே மைதானத்தில் நின்றிருந்தார். கணக்கு வாத்தியார், பெண்கள் தொடர் ஓட்டப் பயிற்சியாளரும் அவரே. சேறு தெறிக்க நாலு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணை மூடியிருந்தேன். இறுக்கமா" என்றார்.

"எதுவுமே கவனிக்கலையா?"

"ஜெபத்துல என்னத்தைக் கவனிக்கிறது? எல்லாரும் பக்தியா இருந்தாங்க. டீக்கன் வின்ட்டோட வழுக்கையில ஒரு ஈ உக்காந்துச்சு. காதுப் பக்கமா இறங்கிச்சு, மறுபடி உச்சிக்கு ஏறிச்சு. மனுஷன் அசையவே இல்லையே! அதுல்ல பக்தி!"

பான்ஸி தலையைச் சாய்த்தாள். "அந்த ஈயும் கண்ணை மூடியிருந்துச்சா சார்?"

காஸெட்டின் காது சூடேறியது. "சத்தம் கேட்டுச்சும்மா."

"ஈ நடக்கிற சத்தமா?"

காஸெட் விசிலை எடுத்துத் தேவைக்கு மேல் நீளமாக ஊதினார். பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஓடு என்று கை காட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் ராட்ரேயிடம், பான்ஸிக்கு முதுகைக் காட்டி. "அன்னைக்கு ஜெபம் ரொம்ப நீளம். பாஸ்டர் எப்பவும் சட்டுன்னு முடிப்பாரு. வீட்ல சாப்பாடு ஆறிடும்னு அவருக்குக் கவலை. அன்னைக்கு என்ன வந்துச்சோ, விடவே மாட்டேங்கறாரு."

*

சபை வேலையில் பாஸ்டருக்கு உதவும் டீக்கன் வின்ட் கடைவீதியில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிறவர். தராசில் ஆணி நிறுத்துக்கொண்டே பேசினார்.

"ஜெபத்துல நான் கண்ணைத் திறந்ததே கிடையாது. ஆனா அந்த காஸெட் இருக்கானே, மேசைக்கு அடியில ஃபோனை வச்சு ஓட்டப்பந்தய முடிவு பாத்துக்கிட்டிருந்தான். வெட்கங்கெட்ட பய."

"கண்ணை மூடிக்கிட்டு அதை எப்படிப் பாத்தீங்க டீக்கன்?" என்றான் ராட்ரே.

தராசுத் தட்டு ஒரு கணம் ஆடியது. "பரிசுத்த ஆவியானவர் காட்டினாரு."

"நல்லவர்தான்" என்றாள் பான்ஸி. "ஃபோனைக் காட்டினவரு, முத்திரையை யாரு எடுத்தாங்கன்னு காட்டலையா? அதுக்கு வேற ஆளைப் பாக்கணுமா?"

"மிஸ்டர் ராட்ரே, இந்தப் பொண்ணு சபைக்குப் போறதுண்டா?"

"கல்யாணத்துக்குப் போவா. சாப்பாடு முடிஞ்சதும் வந்துடுவா. ஜெபம் நீளம்னு சொன்னாங்களே?"

டீக்கன் தராசைக் கீழே வைத்தார். இந்த விஷயத்தில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது. "நீளமா இருந்தா பரவாயில்லைங்க, ஒழுங்கு வேணாமா? பிரதமருக்கு ஜெபிச்சாரு. சரி. மீன்பிடிக்கப் போனவங்களுக்கு, சிறையில இருக்கிறவங்களுக்கு. சரி. கிரிக்கெட் அணிக்கு, அதுகூடப் போகட்டும், அவனுங்களுக்குத் தேவைதான். சிஸ்டர் மெர்ட்டலோட இடுப்பு ஆபரேஷனுக்கு ஜெபிச்சாரு. அப்புறம் கொஞ்சம் சுத்தி வந்து, மறுபடியும் அதே இடுப்பு! அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒரு இடுப்பு, அதுக்கு ரெண்டு தடவை ஆசீர்வாதம். அதுக்கும் மேல, மேசையில சாப்பாடே இல்லை, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் பண்ணினாரு. நாப்பது வருஷமா ஊழியத்துல இருக்கிற மனுஷன்!"

வெளியே வந்ததும் ராட்ரே கார்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"பான்ஸி, பேசறதுக்கு விஷயம் தீர்ந்த பிறகும் ஒருத்தன் பேசிக்கிட்டே நிக்கிறான். எதுக்கு?"

"பஸ் வர்ற வரைக்கும்."

"அதான். பாஸ்டரும் எதுக்கோ காத்துக்கிட்டிருந்தாரு."

பான்ஸி விசிலடித்தாள். "பாஸ்டரே எடுத்துட்டாரா?"

"அவரு ரெண்டு கையையும் மேல தூக்கி ஜெபம் பண்றவரு. மூணாவது கை கிடையாது. எடுத்தவங்களுக்கு நேரம் கொடுத்தாரு. வேலை முடியிற வரைக்கும் ஆமென் சொல்லாம இழுத்தாரு."

"அப்ப காவலுக்கு நின்ன ஆளு ஆண்டவரோட ஆளு. ரொம்ப நல்லா இருக்கு."

*

பழைய மாணவர் சங்கத்தின் பிரதிநிதி ஐசில்டா வைலி. பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய முடி அலங்காரக் கடை. பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கைப்பை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கடையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு, காதை மட்டும் வேலைக்கு விட்டிருந்தார்கள்.

"கேளு மகனே. எனக்கு வேலை கிடக்கு."

"சிஸ்டர், ஜெபத்தப்ப..."

"கண்ணு மூடியிருந்துச்சு."

"ஏதாவது சத்தம்?"

"எதுவும் இல்லை."

ஈ இல்லை, ஃபோன் இல்லை. முதல் தடவையாக ஒருவர் பொய்க்குப் பொருத்தமாகப் பேசுகிறார் என்று ராட்ரே நினைத்தான். எழுந்திருக்கப் போனவன், போகிற போக்கில் கேட்டான்.

"அன்னைக்கு ஜெபம் ரொம்ப இழுத்துட்டாராமே பாஸ்டர்?"

"இழுத்தாரா? யாரு சொன்னா?" ஐசில்டாவின் கை நின்றது. அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஆரம்பிச்சதும் தெரியலை, முடிச்சதும் தெரியலை. அதுக்குள்ள ஆமென்னுட்டாரு!"

பான்ஸி வாயைத் திறந்தாள். ராட்ரே அவள் காலை மிதித்தான். அவர்களுக்குக் கொடுத்திருந்த இஞ்சிச் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்தான். தொண்டை எரிந்தது.

"என் பெருவிரல் செத்துப்போச்சு பாஸ்."

"கேட்டியா? நேத்து பேசின மூணு பேரு, இன்னைக்கு ரெண்டு பேரு, மிஸ் டல்லாக், எல்லாருக்கும் அந்த ஜெபம் நீளம். மிஸ் டல்லாக்குக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சாம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. சும்மா உக்காந்திருந்தவங்களுக்கு நேரம் நகராது. கையில வேலை இருந்தவங்களுக்குப் பறந்துடும்."

"அப்ப திரும்பிப் போய் அந்தப் பையைக் கவுத்திடலாம்! அதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டியே இருக்கலாம்."

"பையில முத்திரை இல்லைன்னா நம்ம கதை முடிஞ்சுது. சாட்சி வேணும்."

"சாட்சிக்கு எங்க போறது? எல்லாருந்தான் கண்ணை மூடிட்டாங்களே."

"ஒருத்தரும் மூடலை பான்ஸி. ஈயைப் பாத்திருக்கான், ஃபோனைப் பாத்திருக்கான். மேசை நடுவுல இருந்த இரும்பைப் பாக்காம இருப்பானா? ஆனா பாத்தேன்னு சொன்னா, பாஸ்டர் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்தேன்னு ஒத்துக்கணும். இந்த மலையில ஒருத்தன் அதை ஒத்துக்கிறதுக்கு முன்னாடி கொலை பண்ணினேன்னு ஒத்துக்குவான்."

பள்ளிக்குப் போகும் வழியில், சாலையோரம் ஒருத்தி நண்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நீலமும் சேற்று நிறமுமாகக் கொழுத்த தரை நண்டுகள். ராட்ரே வண்டியை நிறுத்தச் சொன்னான். இருப்பதிலேயே கோபக்காரனாகப் பார்த்து ஒன்றை வாங்கினான்.

"ராத்திரிக் குழம்புக்கா?" என்றாள் பான்ஸி.

"சாட்சி விசாரணைக்கு."

*

பள்ளி நூலகத்தில் நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் பச்சைக் கம்பளித் துணி. ஒரு கோடியில் மிஸ் டல்லாக், கையைக் கோத்துக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல். விசாரிக்கப்படுகிறவர் தனக்குத் துணையாக ஆளை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. ராட்ரேயும் பான்ஸியும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பான்ஸி கையில் ஒரு துணிப்பை. பை அவ்வப்போது தானாக அசைந்தது.

பாஸ்டர் பிண்ணக் எழுந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். மிஸ் டல்லாக் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"இது நமக்கெல்லாம் துக்கமான நாள். ஜெபத்தோட ஆரம்பிப்போம். தலைகளைத் தாழ்த்தி, கண்களை மூடுவோம்."

எட்டுத் தலைகள் தாழ்ந்தன. ராட்ரே பைக்குள் கையை விட்டான். கயிற்றை அவிழ்த்து, நண்டை மேசை நடுவில் பூவை வைப்பதுபோல வைத்தான்.

கம்பளித் துணியில் சத்தம் எழவில்லை. நண்டு கொஞ்சம் யோசித்தது. பெரிய கொடுக்கைத் தூக்கியது. பிறகு பக்கவாட்டில், நல்ல வேகத்தோடு, டீக்கன் வின்ட்டை நோக்கிக் கிளம்பியது.

டீக்கன் தலையை நிமிர்த்தாமல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நண்டு திரும்பியது. காஸெட் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தாமலே எழுந்து, சுவர் வரைக்கும் போனார். மீன் விற்கிற பெற்றோர் பிரதிநிதி ஒருத்திதான் பயப்படவில்லை. எடை என்ன இருக்கும் என்று பார்த்துக்கொண்டே, கொடுக்கு எட்டாத தூரத்துக்குச் சுவரோரம் நகர்ந்தாள். குழுவில் இருந்த மருந்துக்கடைக்காரர் சுவரோரம் கிடந்த நாற்காலிமேல் ஏறினார். ஒருவர்கூட மூச்சுச் சத்தம் காட்டவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருந்ததே.

"...பிதாவே, நீர் படைத்த சகல ஜீவராசிகளுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம்" என்றார் பாஸ்டர், ஓர் அடி பின்வாங்கியபடி. ஆனால் ஜெபத்தை நிறுத்தவில்லை. "அவைகளை அவைகளுக்குரிய இடத்திலேயே வைத்தருளும். எங்கள் கைகளைக் காத்தருளும். குறிப்பாக விரல்களை. ஆமென்."

"ஆமென்" என்றது சுவரோரத்திலிருந்து வந்த குரல்களின் கூட்டம்.

மேசையருகில் மிஸ் டல்லாக் மட்டும் இருந்தார். தலை குனிந்து, கண் மூடி, கை கோத்து. கொடுக்கைத் தூக்கிய நண்டு அவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஆமென் கேட்டதும் கண்ணைத் திறந்தார். நண்டைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற ஏழு பேரையும் பார்த்தார்.

"இது யாருடையது?" என்றார், வகுப்பில் கேட்கிற அதே குரலில்.

பான்ஸி வந்து பின்பக்கமாக லாவகமாகப் பிடித்து நண்டைப் பைக்குள் போட்டாள்.

"இது என்ன அக்கிரமம்!" என்றார் டீக்கன்.

"அக்கிரமந்தான்" என்றான் ராட்ரே. "ஆனா கண்ணை மூடியிருந்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கக் கூடாதே டீக்கன்? இல்ல, இதையும் ஆவியானவர் காட்டினாரா? நீங்க ஏழு பேரும் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் ஜெபம் பண்றீங்க. போன வியாழக்கிழமையும் அப்படித்தான் பண்ணியிருப்பீங்க. முத்திரையை எடுத்தது யாருன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு ஜோடியாக அவை ஐசில்டா வைலியின் கைப்பைக்குப் போயின. போன வேகத்தில் கூரைக்கும் ஜன்னலுக்கும் தாவின.

ஐசில்டா மேசைக்கு வந்தார். பையைத் திறந்தார். சீப்பு, பைபிள், ரொட்டிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இரும்பை எடுத்து மேசையில் வைத்தார். மேசை அதிர்ந்தது.

"நான்தான். இந்த மைதானத்துல ஓடித்தான் நான் ஆளானேன். அதுல கார் நிறுத்தப் போறாங்களாம்." சட்டென்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் கண்ணை மூடியிருக்கீங்கன்னு நினைச்சேனே! ஒருத்தன் விடாம பாத்தீங்களா?"

"பாத்தோம்" என்றார் காஸெட் தரையைப் பார்த்து. "எடுத்தா எடுக்கட்டும்னு இருந்துட்டோம். எங்களுக்கு மட்டும் மைதானம் போறதுல சந்தோஷமா? கிங்ஸ்டன் சொல்லுது, எதுத்துப் பேசினா அடுத்த வருஷம் குழுவுல இருக்க முடியாது."

"பாஸ்டர்?" என்றான் ராட்ரே.

பாஸ்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பையோட ஜிப் மாட்டிக்கிச்சு" என்றார் மெல்லிய குரலில். "சிஸ்டர் இழுக்கறாங்க, இழுக்கறாங்க, மூடவே இல்லை. நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்ச நோயாளி எல்லாரும் தீர்ந்துபோயிட்டாங்க. மறுபடியும் இடுப்புக்கு வந்துட்டேன்."

பான்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிஸ் டல்லாக் சிரிக்கவில்லை. "ஆக, இந்த அறையில யாரு எடுத்தாங்கன்னு தெரியாத ஒரே ஆளு நான். அதனாலதான் திருடியும் நானா?"

"எச்சரிக்கை கொடுத்து விட்டுடுவாங்கன்னு நினைச்சேன் வெரோனா..." என்றார் ஐசில்டா.

"இன்னைக்கு வேலையை விட்டு நீக்கக் கூடியிருக்கீங்க. நீயும் வந்து உக்காந்திருக்க, பையில அதை வச்சுக்கிட்டு." அவர் கோப்பிலிருந்து குத்தகைப் பத்திரத்தை எடுத்தார். முத்திரையை இழுத்து, பத்திரத்தின் அடியை அதன் வாய்க்குள் நுழைத்து, கைப்பிடிமேல் உள்ளங்கையை வைத்தார். "முத்திரை என் பொறுப்பு. திரும்பக் கிடைச்சுட்டுது. குத்தகை வேணாம்னு என்னைத் தவிர யாரும் சொன்னதா இந்தக் குழுவுல பதிவு இல்லை. அப்ப முடிவுப்படி நான் இதை அழுத்தணும். அழுத்தட்டுமா?"

ராட்ரே ஓர் அடி முன்னால் வந்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவர் விளையாடவில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐசில்டா கையைத் தூக்கினார். அப்புறம் காஸெட். மீன்காரி இரண்டு கையையும் தூக்கினாள்.

"கையைத் தூக்கறதுக்கு இது வகுப்பு இல்லை. வாயால சொல்லுங்க."

"வேணாம்" என்றார் ஐசில்டா. "வேணாம்" என்றார்கள் ஒருவர்பின் ஒருவராக. டீக்கன் தொண்டையைச் செருமி, சுற்றிலும் பார்த்து, வேறு வழியில்லாமல் "வேணாம்" என்றார்.

பாஸ்டர் மட்டும் மிச்சம்.

"கிங்ஸ்டன்ல என்னைத் தோலை உரிச்சிடுவாங்க மிஸ் டல்லாக்."

"என் தோலை உரிக்க நீங்க யோசிக்கலையே பாஸ்டர்." இடது கையால் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். வலது கை முத்திரையின் கைப்பிடியிலேயே இருந்தது. "கூப்பிடுங்க. எல்லாரும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்தது. மறுமுனையில் கரகரத்த ஒரு குரல். "பிண்ணக்? முடிச்சாச்சா? அந்தப் பொம்பளையை அனுப்பிட்டீங்களா?"

பாஸ்டர் பழக்கத்தில் கண்ணை மூடினார். "பரலோகப் பிதாவின் சமாதானம்..."

"பாஸ்டர்" என்றார் மிஸ் டல்லாக்.

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். ஏழு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களை அனுப்பலை. அனுப்பவும் மாட்டோம். அவங்க எடுக்கலை. மைதானத்தையும் கொடுக்கிறதா இல்லை, குழு ஒரே முடிவா இருக்கு."

"என்ன உளர்றீங்க? அப்ப முத்திரையைத் திருடினது யாரு?"

பாஸ்டர் ஒரு தடவை மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஐசில்டா பதில் சொல்ல வாயெடுத்தார். பாஸ்டர் வேண்டாம் என்று கை காட்டினார்.

"தலைமை ஆசிரியையைத் தவிர நாங்க ஏழு பேரும்."

"ஏழு பேருமா? எப்படி?"

"ஜெபத்தோட" என்றார் பாஸ்டர்.

மிஸ் டல்லாக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.